கறந்த சூடு

நேற்று ஓர் இணைய இதழுக்குக் கதை அனுப்பலாமென்று உட்கார்ந்தேன். முன்பெல்லாம் கதையை எழுதி, நாலாக மடித்து, திருப்பி அனுப்பத் தபால் தலை ஒட்டிய கவரையும் உள்ளே வைத்துப் போடுவோம். இப்போது படிவம். பெயர், ஊர் எல்லாம் நிரப்பிய பிறகு ஒரு கேள்வி வந்தது: ‘உங்கள் கதை யதார்த்தமா, அமானுஷ்யமா? ஒன்றை மட்டும் டிக் செய்யவும்.’ அதற்கும் கீழே இன்னொரு சின்னக் கட்டம்: ‘இதில் வரும் மனிதர்களும் சம்பவங்களும் முழுக்க என் கற்பனையே.’ அதை டிக் செய்தால்தான் அனுப்புகிற பட்டன் வேலை செய்யும்.

இந்த மாதிரிக் கட்டங்களைக் கண்டால் எனக்கு ஆகாது. யாரோ நம்மை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து விசாரிப்பதுபோல இருக்கும். அடுப்பில் பால் வைத்திருந்ததை மறந்து படிவத்தையே முறைத்துக்கொண்டிருந்தேன். பாக்கெட் பால் பொங்கி வழிந்து, தீய்ந்து, வீடெல்லாம் நாறியது. வேறு யாராக இருந்தாலும் துணியை எடுத்து அடுப்பைத் துடைத்திருப்பார்கள். நான் அந்த வாசனையில் நின்றுகொண்டு எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியை நினைத்துக்கொண்டிருந்தேன்.

திருப்புலிவனத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சொசைட்டிக் கட்டடம் ஏரிக்கரையோரம், காலனிக்குப் போகிற பாதையின் முனையில் இருந்தது. ஊருக்குள் நிலம் வைத்திருந்த எங்கள் ஆட்கள் ஒருவரும் இடம் தரவில்லை. அதனால் ஊர்க்காரர்கள் பாலைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் வர வேண்டியிருந்தது. காலனியின் முதல் வீட்டுக்கும் சொசைட்டிக்கும் நடுவில் ஒரு புளியமரம்தான். இந்த விவரத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை, அதில் வந்த வினைதான் இவ்வளவும்.

கல்லூரி முடித்துச் சும்மா இருந்த என்னை அங்கே டெஸ்டராகச் சேர்த்துவிட்டது செக்ரட்டரி கோதண்டம் மாமா. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. கொண்டுவரும் பாலை வாங்குவதற்கு முன்னால் அதைச் சந்தேகப்படுவது என் வேலை. லாக்டோமீட்டர் என்று ஒரு கண்ணாடிக் குழாய், அடியில் குண்டு, மேலே மெலிந்த கழுத்து, கழுத்தில் கோடுகள். ஜாரில் பாலை ஊற்றி அதை மிதக்க விட வேண்டும். நல்ல பாலில் இருபத்தெட்டுக் கோட்டில் நிமிர்ந்து நிற்கும். தண்ணீர் கலந்திருந்தால் இன்னும் ஆழமாக அமிழ்ந்து, இருபத்துநாலு, இருபத்துமூன்று என்று காட்டும். சின்னப் பெண் நான், கையில் ஒரு கண்ணாடிக் குழாய், எதிரே என் பெரியப்பா வயதுக்காரர்கள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சும்மா சொல்லக்கூடாது, அது ஒரு தனி போதை. சந்தேகப்படுகிற உரிமை கையில் கிடைத்துவிட்டால் மனுஷிக்குக் கால் தரையில் படாது.

காலையில் பால் வண்டி வந்து கேன்களை ஏற்றிக்கொண்டு போன பிறகு, சாயங்காலக் கறவை வரைக்கும் வேலை கிடையாது. புளித்த பால் வாசனையும் பினாயில் வாசனையும் புண்ணாக்கு மூட்டை வாசனையுமாக இருக்கும் அந்த அறையில் உட்கார்ந்து கதை எழுதுவேன். எழுதியது முதலில் பேய்க் கதைகள்தான். உச்சி வெயிலில் ஏரி மதகடியில் ஒருத்தி உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருப்பாள். போகிறவர் வருகிறவரிடம், ‘சிக்கெடுத்து விடுறியா?’ என்று கேட்பாள். எடுக்கப் போனால் முடி முடிந்தபாடில்லை, வாரியவன் பொழுது சாயும்வரை வாரிக்கொண்டே இருப்பான். இதைக் காஞ்சிபுரத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு சின்ன மாதப் பத்திரிகை போட்டது. சத்தியமாக எல்லாமே நான் உட்கார்ந்த இடத்தில் கட்டியது.

பத்திரிகை வந்த வாரமே மதகுப் பக்கம் மாடு ஓட்டுவது நின்றுபோனது. டீக்கடையில் ஒருவர், "நானே பாத்துகீறேன். பச்சப் பொடவ கட்டிகினு இருப்பா" என்றார். நான் கதையில் புடவை நிறம் எழுதவே இல்லை! எனக்கே கொஞ்சம் திக்கென்று ஆகிவிட்டது. எங்கள் நைனா மட்டும் சிரித்தார். "பேயப் பத்தி எவ்ளோ வேணா எழுது. அது வூட்டாண்ட வந்து சண்ட போடாது. மனுசாள எழுதாத" என்றார். அப்பன் சொல்லி எந்த மகள் கேட்டிருக்கிறாள், நான் கேட்க?

பேயிலேயே எவ்வளவு நாள்தான் காலம் தள்ளுவது என்று எனக்கு ஒரு ரோஷம் வந்தது. நிஜமான கதை எழுத வேண்டும், பார்த்ததை அப்படியே எழுத வேண்டும். பார்ப்பதற்குத்தான் எதிரிலேயே ஆள் இருந்தாரே, எஸ்தரக்கா.

புளியமரத்துக்கு அந்தப் பக்கத்து முதல் வீடு அவருடையது. அவரும் அவர் வீட்டுக்காரரும் அதுவரை எங்கள் ஆட்களின் நிலத்தில் கூலி வேலைதான் செய்துவந்தார்கள். அரசாங்கம் கொடுத்த கறவை மாடு ஒன்று வந்த பிறகு சொசைட்டிக்குப் பால் ஊற்றத் தொடங்கினார்கள். காலனியிலிருந்து முதன்முதலாகப் பால் கொண்டுவந்தவர் அவர்தான். வீட்டுக்காரர் விடியற்காலையில் கறப்பார், எஸ்தரக்கா தூக்கை எடுத்துக்கொண்டு வருவார். தூக்குக்கு மூடி தொலைந்துபோய்விட்டதால் ஒரு பித்தளைத் தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் பூவரச இலை ஒன்றை வைத்திருப்பார். எங்கள் வீட்டில் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நான் ‘அக்கா’ என்பேன். அப்படிக் கூப்பிடுவதில் எனக்கு என்மேலேயே ஒரு பெருமை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அந்தப் பால் காலையில் தினமும் இருபத்துநாலு காட்டியது. நான் அக்காவின் முகத்தைப் பார்ப்பேன். அவர் கண்ணாடிக் குழாயைப் பார்ப்பார்.

"இன்னா பாப்பா, கொறயுதா?"

"கொஞ்சம் கொறையுதுக்கா."

"நான் ஒண்ணியும் ஊத்தல பாப்பா. கறந்த பாலு அப்டியே கொண்டாந்துகீறேன்."

எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு வாங்கி ஊற்றிக்கொள்வேன். எங்கள் ஆட்கள் யாருக்காவது ஒருநாள் குறைந்தால், ‘மாட்டுக்குத் தீவனம் சரியில்லையோ’ என்று நினைத்த அதே மண்டைதான், இவருக்குக் குறைந்ததும் ‘தண்ணீர்’ என்று நினைத்தது. அந்த வித்தியாசம் அன்றைக்கு எனக்கு உறைக்கவே இல்லை.

கதை நாலே நாளில் எழுதி முடித்தேன். ரூபி என்று ஒரு ஏழைப் பெண், எழுதப் படிக்கத் தெரியாதவள், வீட்டில் குழந்தைக்குக் கொஞ்சம் பாலை நிறுத்திவைத்துவிட்டு, அந்த அளவுக்குத் தண்ணீரை ஊற்றிச் சொசைட்டிக்குக் கொண்டுபோகிறாள். டெஸ்டர் பெண் தெரிந்தும் தெரியாததுபோல வாங்கிக்கொள்கிறாள். என்ன கருணை பாருங்கள் அந்த டெஸ்டருக்கு! எழுதும்போதே எனக்குக் கண் கலங்கியது, என்னை நினைத்து. பேரை மாற்றினால் போதும் என்று நினைத்துவிட்டேன். பித்தளைத் தட்டையும் பூவரச இலையையும் அப்படியே விட்டுவிட்டேன். நிஜம் மாதிரி இருக்க வேண்டுமே.

பத்திரிகை வந்ததும் நானே நாலு பிரதி வாங்கிவந்து ஊரில் கொடுத்தேன். கோதண்டம் மாமா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அதைச் சத்தமாகப் படித்தார். பேய்க் கதையை நம்பின ஊராயிற்றே, இதையா நம்பாது?

மறுநாள் காலை வரிசையில் எஸ்தரக்காவுக்கு முன்னாலும் பின்னாலும் ஆளே நிற்கவில்லை. ஒருத்தி தன் தூக்கைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டாள். மாமா வாசலில் நின்றுகொண்டு, "இனிமே நீ இங்க வரவேணாம். எங்க பாலோட உன் பாலு சேந்தா மொத்த கேனும் திரும்பி வந்துரும்" என்றார்.

"இன்னா அண்ணா சொல்ற? யாரு சொன்னது?"

"டெஸ்டரே எழுதிகீறா, புக்குல போட்டுகீறாங்க. வேற யார் சொல்லணும்?"

அக்கா என்னைப் பார்த்தார். கோபத்தோடு பார்த்திருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன். அவர் பார்த்தது ‘எனக்குத் தெரியாதது ஏதாவது உனக்குத் தெரியுமா’ என்று கேட்பதுபோல இருந்தது. நான், "அது கதைதானே மாமா" என்று முனகினேன். மாமா, "நீ சும்மா இரு, சரியாத்தான் எழுதிகீற" என்று தட்டிக்கொடுத்தார். முதன்முதலாக ஒரு வாசகர் பாராட்டியது அதுதான். அக்கா தூக்கை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார். புளியமரத்தைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகும்? நான் ஜாரைக் கழுவி முடிப்பதற்குள் வீட்டுக்குள் போய்விட்டார்.

அதற்குப் பிறகு என் சந்தேகம் இன்னும் முற்றியது. எல்லோர் பாலையும் இரண்டு முறை பார்க்கத் தொடங்கினேன். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு பார்த்ததில் நெற்றியில் கோடு விழுந்தது. ஒருநாள் லாக்டோமீட்டரையும் ஜாரையும் நன்றாகக் கழுவலாமென்று வீட்டுக்கு எடுத்துவந்திருந்தேன். காலையில் அம்மா கறந்து முடித்ததும், கை சும்மா இருக்காமல், பாலை ஜாரில் ஊற்றி மிதக்க விட்டேன். இருபத்துநாலு.

"எம்மா, தண்ணி எதுனா ஊத்தினியா?"

அம்மா சொம்பை அப்படியே தரையில் வைத்தார். "இன்னாடி கேட்ட? கண்ணு எதுருல கறந்துகீறேன், பெத்தவளையே திருடின்றியா? அந்த வேலய வுட்டுட்டு வூட்ல கெட. பேஜாரு புடிச்ச வேல!"

அம்மா திட்டி முடித்து, அடுப்பைப் பற்றவைத்து, நைனாவுக்கு நாஷ்டா வைக்கிறவரை நான் ஜாருக்கு முன்னாலேயே குந்திக்கொண்டிருந்தேன். நுரை அடங்கியது. ஜாரைத் தொட்டால் கையில் சூடு தெரியவில்லை. குழாய் தானாக மேலே ஏறியிருந்தது. இருபத்தெட்டு.

எங்கள் வீட்டுப் பால் நைனாவின் சைக்கிளில் தொங்கிக்கொண்டு, காலைக் காற்றில் ஊரைச் சுற்றிவந்து, ஆறிப்போய்த்தான் சொசைட்டிக்கு வரும். ஊரார் பால் எல்லாமே அப்படித்தான். மரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற பால் ஒன்று மட்டும்தான் மாட்டு மடிச் சூட்டோடு, நுரையோடு வரும். சூடான பாலில் குழாய் கூடுதலாக அமிழும். சுத்தமான பாலைச் சுடச்சுடக் கொண்டுவந்ததுதான் அக்கா செய்த குற்றம்.

வேலையில் சேர்ந்தபோது காஞ்சிபுரத்தில் ஒருநாள் பயிற்சி கொடுத்தார்கள். அந்த நோட்டைத் தேடி எடுத்தேன். ‘பாலின் சூடும் லாக்டோமீட்டரும்’ என்று தலைப்பு எழுதி, அடிக்கோடும் போட்டிருக்கிறேன். அதற்குக் கீழே என் கையெழுத்தில் இருந்தது இதுதான்: ‘உச்சி வெயிலில் மதகடியில் ஒருத்தி தலை வாரிக்கொண்டிருந்தாள்.’ பயிற்சி சொல்லிக்கொடுத்தவர் ஆறவிட்டுப் பார்க்கச் சொல்லியிருப்பார், சூட்டுக்கு இவ்வளவு கூட்டிக்கொள்ளச் சொல்லியிருப்பார். நான் பேய்க்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன்.

நேரே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மரத்தைத் தாண்டினால் வீடு. போகவில்லை. டெஸ்டருக்கு டெஸ்ட் பண்ணவே தெரியாது என்று ஊர் சிரிக்கும், மாமாவுக்கு அவமானம், வேலை போய்விடும். காலனிக்காரிக்குப் பரிந்துகொண்டு வருகிறாள் என்று வேறு பேசுவார்கள். இப்படி எனக்கு நானே ஆயிரம் காரணம் சொல்லிக்கொண்டேன். பயம், வேறொன்றும் இல்லை. மறுநாளிலிருந்து எல்லோர் பாலையும் ஆறவிட்டுப் பார்த்தேன். ‘இன்னாத்துக்கு லேட் பண்ற?’ என்று கேட்டவர்களிடம், ‘புது ரூல்’ என்றேன்.

மனசு கேட்கவில்லை. அதனால் மறுபடியும் கதை எழுதினேன், எனக்குத் தெரிந்த வழி அதுதானே. இந்த முறை பேய்க் கதை. ஒரு பால் சொசைட்டியில் டெஸ்டர் ஒருத்தி செத்துப்போகிறாள். தினமும் காலையில், பால் கொண்டுவருகிற பெண்களின் முன்னால் கண்ணாடிக் குழாயோடு வந்து நிற்கிறாள். ‘சூடா இருந்துச்சா? ஆறி இருந்துச்சா? நான் பாக்காம வுட்டுட்டேன், சொல்லு’ என்று ஒவ்வொருத்தியாகக் கேட்கிறாள். யாரும் பதில் சொல்வதில்லை, அதனால் அவளுக்குப் போக்கிடம் இல்லை. உண்மை முழுவதையும் அதில் எழுதிவிட்டேன். சூடு, நுரை, நோட்டு, எல்லாம்.

ஊர் படித்தது. அதில் என்ன புரிந்துகொண்டது தெரியுமா? சொசைட்டியில் பேய் இருக்கிறது என்று! இரண்டு பெண்கள் தனியாக வருவதை நிறுத்திவிட்டார்கள். மாமா வாசலில் எலுமிச்சம்பழம் கட்டினார். நானே எழுதிய பேய்க்கு நானே அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்குள் எஸ்தரக்கா வீட்டில் மாடு இல்லை. கொஞ்சநாள் கழித்து உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். நீலக் கோட்டு போட்டு, கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு, கம்பெனி வண்டிக்காக நின்றுகொண்டிருந்தார். ஒரகடத்துப் பக்கம் ஏதோ கம்பெனியில் கூட்டித் துடைக்கிற வேலை. நான் கூட்டத்தில் ஒதுங்கப் பார்த்தேன். அவரே கிட்டே வந்தார்.

"கத படிச்சேன் பாப்பா."

படித்தாரா? கதையில் ரூபிக்கு எழுத்து தெரியாது என்று எழுதிய புண்ணியவதி நான். அக்கா எட்டாவது வரை படித்தவர், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எழுந்து நின்று வேதம் வாசிக்கிறவர். இத்தனை நாள் மரத்துக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்திருந்தும் எனக்கு அது தெரியாது.

"ரெண்டையும் படிச்சேன். அந்தப் பேயி நீதானே?"

தலையை ஆட்டினேன்.

"அப்போ பாலு நல்ல பாலுதான்."

"நல்ல பாலுக்கா. சூடா இருந்திச்சி, அவ்ளோதான். நான்தான்..."

அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். "எங்கூட்டுக்காரருதான கறக்கும். நான் ஒண்ணியும் ஊத்தல, மீட்டரு பொய் சொல்லாது, அப்ப அந்தாள் வேலதான்னு நெனச்சிட்டேன். டீக்கடைக்கு பாதிய ஊத்திட்டு மீதிக்குத் தண்ணி கலக்கறார்னு நெனச்சேன். பைபிள் மேல கைய வையின்னேன். வச்சாரு பாப்பா. வச்சும் நான் நம்பல." வண்டி வருகிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்த்தார். "மாட்ட ஓட்டிக்கினு போயி வித்துட்டு, மெட்ராஸ்ல லோடு ஏத்தப் போயிட்டாரு. கிறிஸ்மஸுக்கு வருவாரு. வந்தாலும் எங்கையால தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டாரு."

"அக்கா, எனக்குத் தெரியாது..."

"தெரிஞ்ச அன்னிக்கி வந்து சொல்லி இருக்கலாம்ல? மரத்தத் தாண்டினா வூடு. பேயா வந்து சொன்னத ஆளா வந்து சொல்லி இருந்தா, அந்தாள நான் போக வுட்டுருப்பேனா?"

வண்டி வந்துவிட்டது. அவர் ஏறிப் போய்விட்டார். திட்டவில்லை, சபிக்கவில்லை. நான் அந்த பஸ் ஸ்டாண்டில், அத்தனை பேருக்கு நடுவில், நின்று அழுதேன்.

அன்றைக்கே போய் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நோட்டையும் காட்டினேன். அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "யாரோ உன் மனச நல்லா கலச்சிட்டாங்க. மொதல்ல எழுதனது கரெக்டு. அவ்ளோ தெளிவா எழுதினவளுக்கு இப்ப இன்னா ஆச்சி?" என்றார். அடுத்த மாதம் வேலையை விட்டேன். மாமா பரிதாபப்பட்டாராம், பேய் அடித்துவிட்டது என்று.

இதெல்லாம் முடிந்து பல வருஷம் ஆகிறது. போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தேன். சாலையை அகலப்படுத்துவதற்காகப் புளியமரத்தை வெட்டிவிட்டார்கள். சொசைட்டிக் கட்டடம் இடிந்து, கூரைத் தகடுகூட மிச்சமில்லை. பாலை இப்போது ஊருக்குள் ஒரு மெஷின் வாங்குகிறது. சூட்டையும் சேர்த்து அதுவே பார்த்துச் சீட்டு அடித்துத் தந்துவிடுமாம். நல்ல மெஷின், கதை எழுதாது. எஸ்தரக்காவின் வீடு இருந்த இடத்தில் மனை போட்டுக் கல் நட்டிருக்கிறார்கள். அவர் எங்கே போனார் என்று நாலு பேரைக் கேட்டேன். மூன்று பேருக்கு ஆளே ஞாபகம் இல்லை. நான்காவது ஒரு நடுவயசுப் பெண், "யாரு, பால்ல தண்ணி ஊத்திகினு இருந்துச்சே, அதுவா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, இடிந்த சொசைட்டியைக் காட்டி, "அங்க நிக்காதக்கா, டெஸ்டரு பேயி கீது" என்றாள்.

மரம் இல்லை, மாடு இல்லை, வீடு இல்லை, அக்கா இல்லை. ஊரில் மிச்சம் இருப்பவை நான் எழுதிய இரண்டு பொய்கள்தான்.

அடுப்பைத் துடைத்துவிட்டு வந்து படிவத்தை மூடிவிட்டேன். எந்தக் கட்டத்திலும் டிக் போடவில்லை. கதையை அனுப்பாமல் இதை எழுத உட்கார்ந்தேன். எஸ்தரக்கா பாலில் தண்ணீர் ஊற்றவில்லை. அவர் வீட்டுக்காரரும் ஊற்றவில்லை. மரத்தைத் தாண்ட இத்தனை வருஷம் ஆகிவிட்டது எனக்கு. தாண்டி வந்து பார்த்தால், கதவைத் தட்ட வீடு இல்லை.